முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொதுப் போக்குவரத்து நிறுவனங்களைப் பற்றி நீங்கள் எழுதிய தலையங்கம், முடிவெடுப்பதற்கு முன் பயணிகளின் கருத்தையும் நிர்வாகக் குழு கேட்க வேண்டும் என்று முடிந்திருந்தது. நல்லெண்ணத்தோடு எழுதிய வரிதான். ஆனால் மூன்று ஆண்டுகள் அப்படிக் கருத்துக் கேட்கப்பட்ட பயணி நான். மரியாதையாகவும் பொறுமையாகவும் கேட்டார்கள். அதனால் என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

ஒரு மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெரும்பாலும் மாலை ஷிப்ட். இரவு 10 மணிக்கு வேலை முடியும். மிச்சமிருக்கும் மாதிரிகளை அடுத்து வருபவரிடம் ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, படியிறங்கி வர 10.15 ஆகிவிடும். 10.25க்குக் கடைசி பஸ். அதில் ஏறுகிறவர்கள் ஏறத்தாழ ஒரே ஆட்கள். வார்டு உதவியாளர்கள், சமையலறைப் பெண்கள், காவலாளிகள், இரவில் அலுவலகங்களைத் துடைத்துப் பெருக்கிவிட்டு வரும் இரண்டு சகோதரிகள், தொலைபேசி இணைப்பகத்தில் வேலை செய்த பார்வையற்ற ஒருவர். அவருடைய நிறுத்தம் வந்ததும் நடத்துநர் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டார், அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். வழக்கமாக வரும் ஒருவரைக் காணவில்லை என்றால் ஓட்டுநர் ஒரு நிமிடம் தாமதித்து, "அவங்க இன்னைக்கு லீவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அந்த பஸ் எந்த அறிக்கையிலும் சிறந்த சேவை என்று இடம்பெற்றதில்லை. எங்களுக்கு அதுதான் வீடு திரும்பும் வழி.

போக்குவரத்து நிறுவனம் பயணியர் ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்கப்போவதாக பஸ்ஸுக்குள் அறிவிப்பு ஒட்டியிருந்தது. விண்ணப்பித்தேன். என்னையும் சேர்த்து ஏழு பேரை எடுத்தார்கள். உண்மையிலேயே பெருமையாக இருந்தது. நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர். மக்கள் பிரதிநிதிகள், நிதித்துறை அதிகாரிகள், பொறியாளர்கள், ஒரு வழக்கறிஞர். கெட்டவர்கள் யாரும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஒரு நீள்வட்ட மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆலோசனைக் குழுவிலிருந்து முறை வைத்து ஒருவர் போய்ச் சுவரோரம் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார வேண்டும். நம் முறை வரும்போது எழுந்து மூன்று நிமிடம் பேசலாம். கூட்டம் வேலைநாளில் காலை பத்து மணிக்கு, பஸ் போகாத ஒரு வளாகத்தில் நடக்கும். நிறுத்தத்திலிருந்து இருபது நிமிட நடை. மாலை ஷிப்ட் என்பதால் எனக்குப் போக முடிந்தது. ஏழு பேரில் தினக்கூலி வேலை பார்த்த ஒருவர் இரண்டாவது கூட்டத்தோடு நின்றுவிட்டார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மூன்று நிமிடம் பேச யாரால் தொடர்ந்து வர முடியும்?

எனது இரண்டாம் ஆண்டில் நிகழ்ச்சி நிரலில் ஒரு பொருள் வந்தது: "குறைந்த பயன்பாடுள்ள இரவு நடைகளை நிறுத்துதல்." எங்கள் 10.25 பஸ்ஸும் பட்டியலில் இருந்தது. சராசரிப் பயணிகள் ஏழு பேர் என்று போட்டிருந்தார்கள். எண்ணில் பிழை இல்லை. எனக்கு அப்போதே உறைத்தது அதுதான். ஆய்வுக்கூடத்தில் ஒரு நோயாளியின் காலைச் சர்க்கரையையும் மாலைச் சர்க்கரையையும் கூட்டி இரண்டால் வகுத்து அறிக்கை கொடுத்தால் அந்த எண்ணும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எந்த மருத்துவரும் அதை வைத்து மருந்து எழுத மாட்டார்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்தேன். வேலைநாட்களில் மருத்துவமனையிலிருந்து புறப்படும் நடையில் 18 பேர், சில நாள் 19. அதே வண்டி பணிமனைக்குத் திரும்பும் நடையில் ஒருவர். சனி, ஞாயிறுகளில் போகும்போது மூன்று பேர், வரும்போது ஒருவர். நிறுவனம் போகும் நடையையும் திரும்பும் நடையையும், ஐந்து வேலைநாட்களையும் இரண்டு விடுமுறை நாட்களையும் ஒன்றாகப் போட்டு வகுத்திருந்தது. ஏழு வந்துவிட்டது.

கூட்டத்தில் இதை எழுந்து சொன்னேன். சனி, ஞாயிறு வேண்டுமானால் நிறுத்திக்கொள்ளுங்கள், வேலைநாளில் மட்டும் ஓட்டுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன். மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிட்டேன். தலைவர் நன்றி தெரிவித்தார். "தீர்மானத்தை முன்மொழிபவர்?" ஒருவர் கை உயர்ந்தது. "வழிமொழிபவர்?" இன்னொரு கை. "திருத்தம் ஏதும் உண்டா?" மேசையைச் சுற்றி அமைதி. ஒன்பது கைகளும் உயர்ந்தன. ஒருமனதாக நிறைவேறியது.

கூட்டம் முடிந்ததும் நடைபாதையில் ஓர் இயக்குநர் என்னிடம் வந்தார். என்னைவிட வயதில் இளையவர். "அம்மா, வேலைநாளில் மட்டும் ஓட்டலாம் என்று நீங்கள் சொன்னது நியாயமாகப்பட்டது. யாராவது அதைத் திருத்தமாகக் கொண்டுவந்திருந்தால் நான் ஆதரித்திருப்பேன்" என்றார். நீங்களே கொண்டுவந்திருக்கலாமே என்றேன். அவர் நேர்மையானவர், மழுப்பவில்லை. "எனக்கு அந்தத் தடம் தெரியாது. வேறு ஏதாவது கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடியாதே என்று தயங்கிவிட்டேன்" என்றார்.

தடம் தெரிந்தவள் நான். தீர்மானம் கொண்டுவரும் உரிமை அவருக்கு. இரண்டும் ஒரே நாற்காலியில் இல்லாததால் 18 பேரின் பஸ் நின்றது. ஆசிரியர் அவர்களே, "கருத்தைக் கேட்க வேண்டும்" என்ற உங்கள் வரியோடு நான் உடன்படாத இடம் இதுதான். கருத்துச் சொல்பவரால் தீர்மானத்தை முன்மொழிய முடியாது. திருத்தம் கொண்டுவர முடியாது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை என்று எதிர்த்து வாக்களித்து அதைப் பதிவுசெய்யவும் முடியாது. அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் நான் பேசியது இப்படிப் பதிவாகியிருக்கிறது: "பயணியர் ஆலோசனைக் குழு உறுப்பினர் கருத்துத் தெரிவித்தார்." என்ன கருத்து என்றுகூட இல்லை.

பிறகு நான் பகல் ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன், இரவுப் படி போயிற்று. சமையலறைப் பெண்களில் ஒருவர் வேலையையே விட்டார். பார்வையற்ற நண்பர் பல இரவுகள் இணைப்பக அறையிலேயே படுத்துக்கொண்டு விடிந்தபின் வீட்டுக்குப் போனார்.

என்னுடைய பஸ் போனது என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. போக்குவரத்துத் துறையில் அலுவலகத்துக்குத் தெரியும் எண்ணும் நிறுத்தத்தில் நிற்பவருக்குத் தெரியும் எண்ணும் எப்போதும் வேறாக இருக்கின்றன. ஒரு தடத்தில் மணிக்கு நான்கு பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று என ஒழுங்காக வந்தால், நேரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வருகிறவர் சராசரியாக ஏழரை நிமிடம் காத்திருப்பார். அதே நான்கு பஸ் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு அரை மணிக்கு ஒருமுறை வந்தால் காத்திருப்பு பதினைந்து நிமிடம் ஆகிவிடும், சரியாக இரண்டு மடங்கு. அறிக்கையிலோ இரண்டு நாளும் மணிக்கு நான்கு பஸ். நெரிசலும் இப்படித்தான். ஒட்டி வரும் இரண்டில் முதல் வண்டியில் 80 பேர், பின்னால் வருவதில் 20 பேர். வண்டிக்கு 50 என்று அலுவலகம் எழுதும், தாங்கக்கூடிய எண். ஆனால் அந்த நூறு பேரில் எண்பது பேர் 80 பேர் திணிந்த வண்டிக்குள் நசுங்கிக்கொண்டிருக்கிறார்கள். பயணிகளின் பக்கமிருந்து கணக்கிட்டால், ஒரு பயணி சராசரியாக 68 பேர் இருக்கும் வண்டியில் போகிறார். இந்த 68ஐ மேசையில் வைக்க, அந்த வண்டியில் நின்று வந்தவர் ஒருவர் மேசையில் இருக்க வேண்டும். அதற்குப் பேராசிரியர் தேவையில்லை.

மற்ற ஊர்களில் என்ன செய்திருக்கிறார்கள் என்று ஓய்வுபெற்ற பிறகு தேடித் தேடிப் படித்தேன். நியூயார்க்கின் பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துக்கு நிரந்தரமான குடிமக்கள் ஆலோசனைக் குழு ஒன்றை அந்த மாநிலச் சட்டமன்றம் 1981இலேயே ஏற்படுத்தியது. அதன் பிரதிநிதிகள் நிர்வாகக் குழுவில் உட்காருகிறார்கள், பேசுகிறார்கள். வாக்கு மட்டும் இல்லை. உலகின் மிகப் பெரிய சுரங்க ரயில் அமைப்புகளுள் ஒன்றிலேயே பயணி இன்னும் சுவரோர நாற்காலியில்தான் இருக்கிறார் என்று படித்த அன்று எனக்கு மனம் கனத்துப்போயிற்று. லண்டனில் பயணிகளுக்கென்றே சட்டப்படி அமைந்த கண்காணிப்பு அமைப்பு உண்டு. லண்டன் டிராவல்வாட்ச் என்று பெயர். புகார்களை விசாரிக்கிறது, பரிந்துரைக்கிறது, நல்ல வேலை செய்கிறது. முடிவெடுக்கும் இடம் வேறு.

லாஸ் ஏஞ்சலிஸில் நடந்ததை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டணத்தை உயர்த்தி மாதாந்திரப் பயண அட்டையை நீக்க அங்கே முடிவானபோது, பஸ் பயணிகள் சங்கமாகத் திரண்டு 1994இல் நீதிமன்றம் போனார்கள். ஏழைகளும் சிறுபான்மையினரும் ஏறும் பஸ்ஸைப் புறக்கணித்து ரயிலுக்குப் பணத்தைக் கொட்டுகிறீர்கள், இது இனப் பாகுபாடு என்பது அவர்கள் வாதம். 1996இல் சமரச ஆணை பிறந்தது. மாத அட்டை தப்பியது. வண்டியில் நின்றுகொண்டு போவோர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்தது. நெரிசலைக் குறைக்க வண்டிகளைக் கூட்டும் பொறுப்பு நிர்வாகத்தின்மேல் விழுந்தது. பத்து ஆண்டுகள் நீதிமன்றக் கண்காணிப்பில் இது நடந்தது. மேசையில் பேசி முடித்திருக்க வேண்டிய ஒரு விஷயத்துக்கு வழக்கறிஞர்களும் சாட்சியங்களும் பத்தாண்டுக் காலமும் செலவாயின. பயணிக்கு வாக்குக் கொடுத்தால் நிர்வாகம் தடுமாறும் என்பவர்கள் இந்த வழக்கின் செலவையும் எண்ணிப் பார்க்கட்டும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வேறு வழி கண்டார்கள். பொதுப் போக்குவரத்து நிறுவனங்களுக்காக அங்கே 2001இல் இயற்றிய சட்டம், நிர்வாகக் குழுவில் வழக்கமான சேவையைப் பயன்படுத்தும் ஒருவரும், மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புச் சேவையைப் பயன்படுத்தும் ஒருவரும் உறுப்பினராக இருக்க வேண்டும் என்கிறது. மான்ட்ரியால் நகரின் பஸ்களையும் மெட்ரோவையும் நடத்தும் நிறுவனத்துக்கும் இது பொருந்தும். பாஸ்டன் பகுதியின் போக்குவரத்து நிர்வாகக் குழுவை 2021இல் மாற்றி அமைத்தபோது, ஏழைகளோ சிறுபான்மையினரோ மிகுதியாக வாழும் பகுதியில் (அங்கே இதைச் 'சுற்றுச்சூழல் நீதி'ப் பகுதி என்கிறார்கள்) வசிக்கும் ஒரு பயணிக்குச் சட்டத்திலேயே ஓர் இடம் ஒதுக்கினார்கள். வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

நிர்வாகக் குழு முழுவதையும் தேர்தலில் தேர்ந்தெடுக்கும் இடங்களும் உள்ளன. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் பார்ட் ரயிலுக்கு ஒன்பது இயக்குநர்கள், டென்வர் வட்டாரப் போக்குவரத்துக்குப் பதினைந்து பேர். மக்களே வாக்களிக்கிறார்கள். இது நல்லதுதான், ஆனால் நான் கேட்பது இதுவல்ல. அங்கே வாக்காளர் என்றால் அந்தத் தொகுதியில் குடியிருக்கும் எல்லோரும். பல ஆண்டுகளாக வண்டியில் கால் வைக்காதவருக்கும், தினமும் இரண்டு வண்டி மாறி வேலைக்குப் போகிறவருக்கும் ஒரே வாக்கு. வரி கட்டுகிறவர்களுக்கு அந்த உரிமை இருக்கட்டும். அதற்கு மேல், பயணம் செய்பவருக்கென்று தனி இடம் வேண்டும் என்கிறேன்.

"பயணிக்கு வாக்குக் கொடுத்தால் கட்டணத்தைக் குறை என்றே வாக்களிப்பார், அது சொந்த நலன்" என்று என்னிடமே சொன்னார்கள். சொந்த நலன் உள்ளவர்களை நிர்வாகத்தில் உட்கார வைப்பது உலகுக்குப் புதிதல்ல. ஜெர்மனியில் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டாயிரத்துக்கு மேல் ஊழியர்கள் உள்ள நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் தரப்புக்கு. அந்தத் தொழிற்சாலைகள் மூடிப்போய்விடவில்லை. பிரிட்டனில் ஓய்வூதிய நிதியின் அறங்காவலர்களில் மூன்றில் ஒரு பங்கினரை அதன் உறுப்பினர்களே நியமிக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது 2004ஆம் ஆண்டுச் சட்டம். தங்கள் பணம் என்பதாலேயே அவர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறார்கள். அது மட்டுமல்ல, 27 ஆண்டுகள் பஸ்ஸில் போனவளாகச் சொல்கிறேன், நிறுத்தத்தில் நிற்பவர்களின் முதல் பயம் கட்டணம் அல்ல. வண்டி வராமல் போய்விடுமோ என்பதுதான். வண்டி நேரத்துக்கு வரும் என்ற உறுதி கிடைத்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கவும் தயார் என்று சொன்னவர்களோடுதான் நான் தினமும் பயணம் செய்தேன். அடுத்த வேளைக்கே யோசிக்க வேண்டியவர்களும் அதே வண்டியில் இருந்தார்கள். இந்த இரண்டு தரப்பும் எப்படிப் பேசி ஒத்துப்போவது என்பது எங்களுக்குள்ளேயே நடக்க வேண்டிய விவாதம். அதை எங்கள் பெயரில் வேறொருவர் ஊகித்து முடிப்பது முறையல்ல.

மக்கள் பிரதிநிதிகள் இருக்கிறார்களே என்பது இன்னொரு பதில். அவர் கார் ஓட்டுபவருக்கும் கடைக்காரருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் சேர்த்துப் பிரதிநிதி. பஸ்ஸுக்குத் தனிப்பாதை போட வண்டி நிறுத்துமிடத்தை எடுக்க வேண்டும் என்ற நிலை வரும்போது அவருக்கு முதலில் வரும் தொலைபேசி அழைப்பு கடைவீதியிலிருந்துதான் வரும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவர் வேலை அப்படி.

சரி, எப்படிச் செய்வது? குறைந்தது இரண்டு இடம் வேண்டும். எண்ணிக்கையை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. தீர்மானம் விவாதத்துக்கு வர முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர் தேவை. ஒரே ஒரு பயணி உறுப்பினராக இருந்தால் வழிமொழிய ஆள் இல்லாமல் அவருடைய தீர்மானம் அங்கேயே விழுந்துவிடும். இரண்டு பேர் இருந்தால் தோற்றாலும் விவாதமாவது நடக்கும். அன்று அந்த மேசையில் எங்களில் இருவர் இருந்திருந்தால், தயங்கி உட்கார்ந்திருந்த அந்த இயக்குநர் கையை உயர்த்தியிருப்பார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் உயர்த்தியிருக்கலாம்.

இரண்டில் ஓர் இடம் சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ வெள்ளைத்தடியோ இன்றிப் பயணம் செய்ய முடியாதவருக்கு. சாய்தளம் வேலை செய்யவில்லை என்பது மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு. அவருக்கு அன்றைய பயணமே இல்லை.

யார் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கடினமான கேள்வி. நிர்வாகமோ அரசோ நியமித்தால், கேள்வி கேட்காதவராகப் பார்த்து நியமிக்க வாய்ப்புண்டு. பயண அட்டை வைத்திருப்பவர்கள் வாக்களிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். காசு கொடுத்து டிக்கெட் வாங்குபவர் அதில் விடுபட்டுப்போவார், பெரும்பாலும் அவர்தான் எல்லோரையும்விட ஏழை. அட்டையை வைத்து யார் எங்கே போனார் என்று கண்காணிக்கும் அபாயமும் இருக்கிறது. எனக்குப் பிடித்த வழி குலுக்கல். நிறுத்தங்களிலும் வண்டிகளிலும் பணிமனைகளிலும் காகிதப் படிவம் வைத்து, விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். அவர்களிலிருந்து பொதுவில் குலுக்கிச் சிலரை எடுத்து, அவர்கள் தங்களுக்குள் இருவரைத் தேர்ந்துகொள்ளலாம். தேர்தலில் செலவழிக்கப் பணமும் பேச்சுத் திறமையும் இல்லாதவருக்கும் இதில் வழியுண்டு. இதைவிடச் சிறந்த வழி யாருக்காவது தெரிந்தால் உங்கள் பத்திரிகையிலேயே எழுதட்டும், நான் பிடிவாதக்காரி அல்ல.

நிபந்தனைகளில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். உறுப்பினராக இருக்கும் காலம் முழுவதும் அவர் பயணியாக இருக்க வேண்டும். நிறுவனம் காரும் ஓட்டுநரும் கொடுத்த மறுநாளே அவர் எங்களுடைய ஆள் இல்லை. கூட்டம் பஸ் போகும் இடத்தில், வேலை முடிந்த நேரத்தில் நடக்க வேண்டும். இழக்கும் கூலியை ஈடுசெய்ய வேண்டும். ஒவ்வொரு நடையின் ஏறுவோர் எண்ணிக்கையும் சராசரி ஆக்காமல், நாள்வாரியாக, திசைவாரியாக அவர் கைக்கு வர வேண்டும். ஓட்டுநர், நடத்துநர்களுக்கும் இப்படி இடம் வேண்டும் என்பது என் கருத்து. பாரீஸ் நகரின் போக்குவரத்து நிறுவன நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கினர் ஊழியர்கள் தேர்ந்தெடுத்தவர்கள். எங்கள் 10.25 ஓட்டுநரைக் கேட்டிருந்தால், எந்த நாளில் எத்தனை பேர் என்று நோட்டைப் பார்க்காமலேயே சொல்லியிருப்பார். அது தனிக் கடிதத்துக்கான விஷயம்.

உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் செய்தியாளர்கள் பெருநகரங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். அங்கங்கே பொதுப் போக்குவரத்து நிர்வாகக் குழுவில் இருக்கும் ஒவ்வொருவரிடமும், கடந்த மாதம் எத்தனை நாள் உங்கள் நிறுவனத்தின் வண்டியில் டிக்கெட் எடுத்துப் போனீர்கள் என்று கேட்டு, வந்த பதிலைப் பெயரோடு, பதிலே தராதவர் பெயரையும் சேர்த்து, ஒரு பக்கத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பயணியர் ஆலோசனைக் குழுவின் முன்னாள் உறுப்பினர்
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்)